அப்பாவின் இடது கட்டைவிரல்

நல்ல வெயில் அடிக்கும் பதினோரு மணிக்குத்தான் மூத்தவன் அப்பாவின் வீட்டுக்குள் நுழைந்தான். அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. அன்றைக்கே அவனுடைய இடது கட்டைவிரல் மரத்துப்போயிற்று, கிள்ளினாலும் தெரிவதில்லை. அழுகையும் வரவில்லை. கல்லுளிமங்கன், அவன் முகத்தில் எப்போது என்ன தெரிந்திருக்கிறது?

கூடத்தில் தங்கையும், நீதிமன்றம் அனுப்பிய விரல்ரேகை நிபுணரும் காத்திருந்தார்கள். வீடு மூத்தவனுக்கே என்று சொல்லும் உயில் மேசைமேல் கிடந்தது. சாட்சிகள் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர். அடியில் அப்பாவின் இடது கட்டைவிரல் ரேகை, அதன் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. தச்சு வேலையில் ரம்பம் கிழித்த தழும்பு அது.

"தபால்காரர்கிட்டகூட கையெழுத்துதான் போடுவாரு. இதுக்கு மட்டும் எதுக்கு ரேகை?" என்றாள் தங்கை. அப்பாவைக் கடைசிவரை குளிப்பாட்டி ஊட்டியவள் அவள். இந்த வீடு போனால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

"கை நடுங்குச்சும்மா." அவனுக்கு நாக்குக் கூசவில்லை.

அப்பாவின் மூக்குக்கண்ணாடி, உளி, தண்ணீர்ச் செம்பு என்று ஒவ்வொன்றிலும் நிபுணர் பொடி தூவிப் பார்த்தார்.

"ஒண்ணுலயும் அவர் ரேகை இல்லியே. துடைச்சீங்களா?"

"அவர் வச்சது வச்சபடி இருக்கு சார்" என்றாள் தங்கை.

கூடத்தில் மரத்தூள் வாசனை ஏறியது. அப்பா ரம்பத்தைத் தொட்டே ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"வீட்டு ஆளுங்க ரேகையும் கொடுங்க. கலந்துடக் கூடாது பாருங்க."

மூத்தவன் இடது கட்டைவிரலை மையில் தோய்த்துத் தாளில் வைத்தான்.

சாய்வாக ஒரு கோடு.

நிபுணர் லென்ஸை எடுத்து உயிலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி உயிலைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே விரல். உயில்ல ரேகை வச்சது நீங்கதான்."

"என் விரல்ல தழும்பே கிடையாது சார்!" துணியால் அழுத்தித் துடைத்தான்.

தழும்பு இருந்தது.

"ஐயோ, அது அப்பா விரல்தான்! இவ மருந்துக் கடைக்குப் போயிருந்தா. அவருக்கு மூச்சு நின்னுடுச்சு. நான்தான் அவர் கையைப் பிடிச்சு உயில்ல அமுக்கினேன்!"

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது.

தங்கை அழவில்லை.

"அப்போ கை சூடா இருந்துச்சா, அண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தான். இரண்டு மாதமாக மரத்திருந்த விரலுக்கு அப்போதுதான் உணர்ச்சி திரும்பியது.

சில்லிட்ட ஒரு கை அதைப் பிடித்திருந்தது.

அன்றைக்கு அப்பாவின் கையை அவன் பிடித்த அதே பிடி. அது அவன் விரலை நிதானமாக இழுத்துப் போய், மறுபடியும் மையில் அமுக்கியது.