கீல் காயாத வள்ளம்

படகுக்குப் பூசும் கீலைக் காய்ச்சும் வாசனை எங்கிருந்து வருகிறதென்று நஷ்மியாவுக்குப் பிடிபடவில்லை. சிபாயிஷ் படகுத்துறையை விட்டு வெகுதூரம் வந்தாயிற்று. இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் நாணல், கீழே பாசி படிந்து அசையாத தண்ணீர், காலையிலேயே முதுகைச் சுடுகிற வெயில், அதற்கு நடுவே தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் அந்தக் கரிய வாசனை விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

பஸ்ராவில் கண்காட்சி வைப்பதற்காகச் சதுப்பு நிலத்து மஷ்ஹூஃப் வள்ளங்களைப் படமெடுத்து வந்தாள். மெலிந்து நீண்டு மூக்கு வளைந்த அத்தகைய வள்ளம் ஒன்றில்தான் இப்போது உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்று கழி ஊன்றியவன் தம்பி லஃப்தா.

"கீல் வாசம் வருதாடா?"

"நம்ம படகு வெயில்ல உருகுது. கேமராவுக்கு மூக்கில்லைன்னு நீ மோந்து பாக்குறியாக்கா?"

அவள் சிரிக்கவில்லை. தவளைகள் எப்போது அடங்கின என்று யோசித்துக்கொண்டிருந்தாள். வாய்க்காலில் எருமைகள் நீந்திய தடம்கூட இல்லை. திரும்பிவிடலாம் என்று சொல்ல நினைத்தபோது நாணல் விலகியது.

குளம்போல ஒரு வெட்டவெளி. நடுவில் ஒரு வள்ளம். மேலே நாணற்பாயை விரித்து, முனையிலிருந்து முனைவரை அதன் மேலும் கீல் பூசி மூடியிருந்தார்கள். ஈரமாய் மின்னியது.

"மேலயும் யாருடா கீல் பூசுவாங்க?"

"எவனோ கிறுக்கன். படத்தை எடு, கிளம்பலாம்." லஃப்தாவின் குரலில் குறும்பு இல்லை.

கேமராவைக் கண்ணில் வைத்தாள். கரிய மேற்பரப்பு மெல்லத் தாழ்ந்தது. எழுந்தது. மறுபடி தாழ்ந்தது.

டொக். டொக். உள்ளிருந்து யாரோ தட்டும் சத்தம்.

"உள்ள ஆளிருக்குக்கா."

"வேண்டாம்டா. கிட்டப் போகாத."

"மூச்சு முட்டிச் செத்துருவாங்க. பாத்துட்டு எப்படிப் போறது?"

அவள் தடுப்பதற்குள் படகை அதன் பக்கத்தில் கொண்டு நிறுத்திவிட்டான். குனிந்து உள்ளங்கையைக் கீலின் மேல் வைத்தான்.

"சூடாயிருக்கு," என்றான். பிறகு, "கை வரமாட்டேங்குது."

அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். படகு ஆடியது. கேமரா தண்ணீரில் விழுந்தது. அவள் பார்க்கவில்லை.

"இழுக்காதக்கா. வலிக்குது."

தட்டும் சத்தம் நின்றது.

அவன் கைக்கு அடியில் கீல் புடைத்தது. ஒரு விரல். பிறகு இன்னொன்று. கருமையைக் கிழிக்காமல், அதையே தோலாகப் போர்த்திக்கொண்டு, ஒவ்வொன்றாய் எழுந்து லஃப்தாவின் விரல்களுக்கு நடுவே நுழைந்தன. கோத்துக்கொண்டன. இறுகின.

"அக்கா," என்றான், மிகச் சன்னமாக. "பச்சப்புள்ள கைக்கா இது."

வள்ளம் நெடுகக் கீல் புடைக்கத் தொடங்கியது. சின்னச் சின்ன உள்ளங்கைகள். முனையிலிருந்து முனைவரை.

சத்தமேயில்லாமல் அந்த வள்ளம் அமிழத் தொடங்கியது. லஃப்தாவின் மணிக்கட்டு. முழங்கை. தோள்.

நஷ்மியா அவன் இடுப்பை விடவில்லை.