ஆலோசனை அறைக்கு அனுப்பியவள்

டம்ளரில் காபி ஆறி ஆடை படிந்துவிட்டது. வெற்றிவேல் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டான். ஒரு வாரமாக இதே கூத்துதான். பெண்டாட்டி கையால் குடிக்காத காபியை, சேதராப்பட்டு கம்பெனி பஸ் வரும் முனையில் டீக்கடையில் குடித்துக்கொள்கிறான். இன்று வேலைக்கும் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு கை பார்த்துவிடுவது என்று லீவு போட்டிருந்தான்.

தையல்நாயகிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நாத்தனார் பார்த்துவிடக் கூடாதென்று குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

நாத்தனார் பாக்கியலட்சுமி பிரெஞ்சுக் குடியுரிமைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு பிரான்சுக்குப் போனவள். லீவில் வந்துவிட்டால் அந்த முதலியார்பேட்டை வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். இந்த முறை கணவர் வழியில் ஒரு பையனை, தையல்நாயகியின் மகள் சரிதாவுக்குப் பேசி வைத்திருந்தாள். ப்ளஸ் டூ முடியட்டும், பதினெட்டு ஆகட்டும், பிறகு கல்யாணம், பிரான்ஸ். வெற்றிவேலுக்குத் தலைகால் புரியவில்லை. சரிதாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தையல்நாயகியையும்தான். அந்த வீட்டில் அவளை எதற்குக் கேட்டார்கள், இதற்குக் கேட்க?

போன வாரம் தம்பி மகளைக் கூட்டிவர சாரம் பகுதியில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போன பாக்கியலட்சுமி, ‘மாணவர் ஆலோசனை அறை’ என்று பலகை தொங்கிய கதவைத் திறந்துகொண்டு சரிதா கண் சிவந்து வருவதைப் பார்த்துவிட்டாள். வீடு இரண்டுபட்டது. அங்கே போனால் பெயர் பதிவாகிவிடுமாம், கான்சுலேட் வரைக்கும் போகுமாம், விசா கிடைக்காதாம், பையன் வீட்டில் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களாம். யார் அனுப்பினார்கள் என்று வெற்றிவேல் சரிதாவை நோக்கிக் கையை ஓங்கினான்.

“நான்தான் அனுப்பினேன்” என்றாள் தையல்நாயகி.

அப்படி ஓர் அறை இருப்பதே அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். ஓங்கிய கை மகள்மேல் விழக் கூடாது, அவ்வளவுதான். வீட்டு விஷயத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டியவள், பெற்ற பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவள்... ஒரு வாரமாக எல்லாப் பட்டத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் அந்த அறைக்கு நால்வரும் போனபோது, ஆலோசகர் ஜோசெத் மேடம் எல்லோரையும் உட்காரச் சொன்னார். வெற்றிவேல் உட்காராமலே கேட்டான், தன் பெண்டாட்டி குடும்பத்தைப் பற்றி என்னவெல்லாம் சொல்லி அனுப்பினாள் என்று. இந்த அறையில் ஒரு பிள்ளை பேசுவதை அந்தப் பிள்ளை சம்மதிக்காமல் அப்பாவிடமும் சொல்வதில்லை என்று மேடம் பணிவாகச் சொன்னார். அதுவரை பொறுத்திருந்த பாக்கியலட்சுமி, விசா விவகாரத்தைப் பிரெஞ்சிலேயே பிடித்துக்கொண்டாள். மேடம் ஓய்வுபெற்ற பிரெஞ்சுச் சிப்பாயின் மகள். அவளைவிட வேகமான பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டு, தையல்நாயகி பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார்.

“பயப்படாதீங்கம்மா. இங்க பேசுறது எந்தக் கான்சுலேட்டுக்கும் போகாது. மனசு கனத்துப் போன புள்ளைங்க இறக்கி வச்சுட்டுப் போற எடம் இது.”

மேடம் சரிதாவைப் பார்த்தார். சொல்ல இஷ்டமிருந்தால் சொல்லலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்றார்.

சரிதா எழுந்து நின்றாள். “நானாத்தான்பா வந்தேன். யாரும் அனுப்பல. பரீட்ச எழுத உக்காந்தா கை நடுங்குது, மூச்சு முட்டுது... ரெண்டு பேப்பர வெறுந்தாளாக் குடுத்துட்டு வந்துட்டேன். அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்க என்னை அடிச்சிடுவீங்கன்னு அது பழிய ஏத்துக்கிச்சு.”

“என்னம்மா பயம் உனக்கு? அத்தை நல்ல எடமாத்தானே பாத்திருக்கு?” வெற்றிவேலின் குரல் இறங்கிவிட்டது.

“நான் பிரான்சுக்குப் போயிட்டா அந்த வீட்டுல அம்மாவுக்கு யாருப்பா இருக்கா?”

தையல்நாயகி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். இத்தனை நாள் பிள்ளைக்குத் தெரியாமல் அழுததாக நினைத்துக்கொண்டிருந்தாளே, பாவி மகள் அத்தனையையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

வெற்றிவேல் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தான். “நீயாச்சும் நெசத்தச் சொல்லியிருக்கலாமே, தையலு...”

“கேட்டீங்களா?”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனை உடைத்தது. பள்ளிக்கூடம் என்றும் பாராமல், மேடம் முன்னாலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். சரிதா இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மேடம் சத்தமில்லாமல் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

சரிதா வாரம் ஒருமுறை வந்து மேடத்திடம் பேசுவதென்று முடிவானது. எழுதாமல் விட்ட இரண்டு பரீட்சைகளைப் பற்றி ஆசிரியர்களிடம் தானே பேசுவதாக மேடம் ஏற்றுக்கொண்டார். கல்யாணப் பேச்சை, அவள் படித்து முடித்து அவளாக வாயைத் திறக்கும்வரை எடுப்பதில்லை என்று வெற்றிவேலே சொன்னான். அக்காவின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், “தையலு, ஒரு காபி குடேன்” என்றான். பாலை அடுப்பில் வைக்கும்போது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது.

பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. பாக்கியலட்சுமி. சண்டைக்கு வரவில்லை. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“அந்த மேடம்... பெரியவங்ககிட்டயும் பேசுவாங்களா?” என்று தரையைப் பார்த்துக் கேட்டாள். “அங்க அவரு வேலைக்குப் போயிட்டா நாள் பூரா பேச ஒரு ஆளு இல்ல தையலு. சரிதா வந்துட்டா எனக்குத் தொணையா இருப்பான்னுதான்...”

தையல்நாயகி இன்னொரு டம்ளரை எடுத்துக் கழுவினாள். காபியை ஆற்றி நாத்தனார் கையில் கொடுத்தாள்.

“மேடத்த நாளைக்குக் கேப்போம் அண்ணி. இப்ப உக்காருங்க. என்கிட்ட பேசுங்க.”