பதினாறு நாளும் உடன் இருந்தவள்

தனியாக வாழ இடம் தேடுவது இப்போதெல்லாம் பெரிய வேலையே இல்லை. ஆளில்லா இடங்களைக் காட்டும் வரைபடத்தைத் திறந்து, அடுத்த மனிதன் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று சொன்னால் போதும். இலக்கியா இருபத்தாறு என்றாள். மேகமலைக்கும் மேலே, முதலாளிகள் எப்போதோ கைவிட்டுப் போன ஓர் ஏலக்காய்த் தோட்டத்தை அது காட்டியது. வற்றாத ஊற்று, ஓடு கலையாத ஒரு கட்டடம், யானை ஏற முடியாத சரிவு. மின்கம்பி இல்லை, அலைவரிசை இல்லை, ரோடு இல்லை. அவள் அன்றே பதிவு செய்துவிட்டாள்.

சிக்கல் சொந்தக்காரர்கள்தான். தென்காசியில் முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்ந்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஐம்பத்து நாலு வயதில் காட்டுக்குப் போகிறேன் என்றால் விட்டுவிடுவார்களா? அப்படியே போனாலும் காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, சாவு வீட்டுக் கேதம் என்று மாதம் நாலு தடவை இறங்கி வர வேண்டும். வராவிட்டால் 'அவளுக்கு என்ன கோவமாம்?' என்று ஒரு வருடம் பேசுவார்கள். யானையைச் சமாளித்துவிடலாம், அத்தைமார்களைச் சமாளிக்க முடியாது.

அதற்குத்தான் தலைகாட்டி. ஒருவருடைய பத்து வருடப் பேச்சைக் கேட்டுப் படித்துக்கொண்டு, அதே முகத்தோடும் குரலோடும் அவருக்குப் பதிலாகப் போய் உட்கார்ந்து வரும் இயந்திரம். அலுவலகக் கூட்டங்களுக்கு எல்லோரும் அதைத்தான் அனுப்புகிறார்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு அனுப்புவதை மட்டும் யாரும் வெளியே சொல்வதில்லை, கேவலம். இலக்கியாவின் தலைகாட்டி பந்தியில் அரை இட்லியோடு எழுந்துவிடும். 'சுகர்' என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். விசேஷம் இல்லாத நாட்களில் பூட்டிய வீட்டுக்குள் பேசாமல் உட்கார்ந்திருக்கும்.

கிளம்பும்போது அதற்கு இரண்டே உத்தரவுகள் போட்டாள். யார் மனமும் நோகக் கூடாது. எந்தச் செய்தியும், சாவுச் செய்தியே ஆனாலும், மலைக்கு வரக் கூடாது.

மூன்று வருடம் போயிற்று. அவரைக்கொடி போட்டாள், தேனடை எடுத்தாள், பகலெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள். தனிமையில் வாடினாள் என்று எழுதினால் படிப்பவருக்கு இதமாக இருக்கும், ஆனால் அது பொய். அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

ஒரு நாள் காலையில் ஒரு மலையேறி, அதுதான் சக்கரத்துக்குப் பதில் நாலு கால் வைத்த வண்டி, தோட்டத்துக்குள் வந்து மண்டியிட்டது. அதிலிருந்து தம்பி செழியன் இறங்கினான். நாலு எட்டு வைப்பதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"என்னலே, திடீர்னு?"

"நீதானக்கா வரச் சொன்ன."

விடைபெறும்போது 'ஒரு நாள் வீட்டுக்கு வாங்க' என்று சொல்வது இலக்கியாவின் பழக்கம். நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். சொல்கிறவர் நினைத்துச் சொல்வதில்லை, கேட்கிறவர் வருவதுமில்லை. தலைகாட்டி அதையும் படித்துக்கொண்டு வீட்டுக்கு வீடு சொல்லி வந்திருக்கிறது. செழியன் ஒருவன்தான், "எந்த வீட்டுக்குக்கா? ஒன் வீடுதான் பூட்டிக் கெடக்கே" என்று கேட்டவன். நேராகக் கேட்டால் பொய் சொல்லாதபடி செய்யப்பட்ட இயந்திரம், மலைக்கு வழியைச் சொல்லிவிட்டது. அக்கா மலையில் இருந்துகொண்டு விசேஷத்துக்கு மட்டும் இறங்கி வருகிறாள் என்று அவனாக எடுத்துக்கொண்டான்.

இலக்கியா கடுங்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, தம்பி பெண்டாட்டியைப் பற்றிக் கேட்டாள்.

"கயல் எப்படி இருக்கா? அவளையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா?"

செழியன் தம்ளரைக் கீழே வைத்தான்.

"என்னக்கா கேக்க? கயல் போயி ரெண்டு வருசமாச்சு. பதினாறு நாளும் நீதான எங்கூட உக்காந்திருந்த? நான் சாப்பிடலேன்னு ஊட்டிக்கூட விட்டியே?"

மறந்துவிட்டது, வயசாகிவிட்டது என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகு, தம்பி பெண்டாட்டி செத்ததுகூடத் தெரியாமல் தேனடை எடுத்துக்கொண்டிருந்தோமே என்ற வெட்கம் வந்து, முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டு அழுதாள்.

செழியன் ஏலச்செடிகளின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எனக்கு இதயத்துல வால்வு கோளாறு" என்றான். "ஒரு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லுதாரு. எனக்குப் பயம். வேண்டாம்னு இருக்கேன்னு ஒங்கிட்ட சொன்னேன். அதுகிட்ட. 'ஒனக்குப் பிடிக்கலேன்னா விட்டுருடா'ன்னு சொல்லிச்சு. அக்காவே சொல்லிட்டா, மிச்ச நாள அவ பக்கத்துல அமைதியா இருந்துட்டுப் போயிருவோம்னுதான் வந்தேன்."

யார் மனமும் நோகக் கூடாது என்பதற்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"ஏலே, ஆபரேஷன் பண்ணலேன்னா செத்துப்போவ. நாளைக்கே கெளம்பு!"

"அத அவ சொல்லட்டும்."

"எவ?"

"பதினாறு நாள் கூட இருந்தவ. தப்பா நெனைக்காதீங்க. மூணு வருசமா எனக்கு அக்கா அவதான். ஒங்க பேச்ச நான் எதுக்குக் கேக்கணும்?"

பேசத் தெரிந்த நாளிலிருந்து அவளை அவன் 'நீங்க' என்றதில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்று அவன் சொன்னதைவிட அது அவளுக்கு வலித்தது. வலித்ததை நினைத்து வெட்கப்படவும் செய்தாள்.

மறுநாள் இருவரும் மலையிறங்கினார்கள். தென்காசி வீட்டைத் திறந்ததும், இலக்கியாவின் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்த தலைகாட்டி எழுந்தது.

"வாடா, சாப்பிட்டியா?" என்றது அவனிடம். அவன் முகம் மலர்ந்தது.

இலக்கியா அதை உள்ளறைக்குக் கூட்டிப்போனாள்.

"அவன ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வை."

"அவர் மனசு நோகும். எனக்கு அனுமதி இல்லை."

"நான் தாறேன் அனுமதி. நோகட்டும்."

"என்ன சொல்லணும்?"

சொல்லிக் கொடுத்தாள். தலைகாட்டி கூடத்துக்குப் போய், ஓர் எழுத்து மாறாமல், அதே அதட்டலோடு சொன்னது: "ஏலே, ஆபரேஷன் பண்ணலேன்னா செத்துப்போவ. நாளைக்கே கெளம்பு!"

செழியன் அழுதான். பிறகு, "சரிக்கா" என்றான். இலக்கியா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒருவருக்குத்தான் அனுமதி. செழியன் யோசிக்கவே இல்லை, தலைகாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டான். மேஜையில் இருந்த பெண் அடையாள அட்டைப் படத்தையும் தலைகாட்டியின் முகத்தையும் ஒத்துப் பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முந்தைய முகம், அச்சாகப் பொருந்தியது. 'உறவு' என்ற இடத்தில் அக்கா என்று எழுதிக்கொண்டாள். இருவரும் உள்ளே போனார்கள்.

வெயிலில் கறுத்து, தலை நரைத்து நின்றவளை அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் கவனித்தாள்.

"நீங்க யாரும்மா?"

"செழியனோட அக்கா."

"அக்கா உள்ள போயிட்டாங்களே?"

"சொந்தந்தான்" என்றாள் இலக்கியா.

"நாளைக்குக் காலைல ஆபரேஷன். அதுக்கு முன்னாடி பாக்கணும்னா இன்னைக்கு நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம். அஞ்சு நிமிசந்தான் விடுவாங்க. கூட்டம் ஜாஸ்தியா இருக்கும், வரிசைல நிக்கணும், பரவால்லையா?"

மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. மூடியிருந்த கதவுக்கு முன்னால் யாருமே இல்லை. இலக்கியா போய் அங்கே நின்றாள். கொஞ்ச நேரத்தில் சாத்துக்குடிப் பையோடு ஒருவர் வந்து அவளுக்குப் பின்னால் நின்று, "உள்ள இருக்கது உங்களுக்கு யாரு?" என்று பேச்சுக் கொடுத்தார். அவள் திரும்பி நின்று, தம்பியைப் பற்றி அவரிடம் சொல்ல ஆரம்பித்தாள்.