அடைத்த மூக்கோடு ஆழக்கடலில்

அன்று மழை பெய்ததா என்று எனக்கு இப்போது உறுதியில்லை. யோன்சில் என்ற பெண் நனைந்த தலையோடு மருந்துக்கடைக்குள் நுழைந்ததாக ஞாபகம்... அது கடல்நீராகவும் இருந்திருக்கலாம்.

தென்கொரியாவின் ஜெஜு தீவில் எங்கள் ஊர்ப் பெண்கள் மூச்சை அடக்கி முங்கி, சிப்பி எடுப்பவர்கள்; நானும் அப்போது அவர்களில் ஒருத்தி. யோன்சில் அந்த வருடம்தான் ஆழக்கடல் கூட்டத்தில் சேர்ந்திருந்தாள். கரையில் குளிர்காயும்போது ஆழத்தில் முங்குபவர்களுக்கே உரிய, நெருப்புக்கு அருகேயான இடம் அவளுக்குக் கிடைத்திருந்தது.

"மூக்கடைப்பு மருந்து ரெண்டு குடுங்க."

கடைக்குப் புதியவன் கிவான். கடலுக்கு அக்கரையில், மோக்போ நகரத்திலிருந்து வந்தவன். நிமிர்ந்தான். வலியில் சுருங்கிய அவள் புருவம், கீழே சிவந்த கண்கள்... அவனால் பார்வையை எடுக்க முடியவில்லை.

"முங்கப் போறீங்களா?"

"இல்ல, மூக்குக்கு அலங்காரம் பண்ணப் போறேன்."

"தரமாட்டேன். தண்ணிக்கடியில மருந்தோட வேகம் போயிரும். மேல வரும்போது உள்ள சிக்குன காத்துக்கு வழியிருக்காது. நெத்தி தெறிச்சிரும்."

"நீங்க முங்கியிருக்கீங்களா?"

"...இல்ல."

"அப்ப சும்மா இருங்க."

வேறு கடையில் வாங்கிக்கொண்டாள். மூன்றாம் நாள், ஏன் வந்தோம் என்று தெரியாமல் படகுத்துறையில் நின்றிருந்தான் கிவான். மேலே வந்த யோன்சிலின் முகக்கண்ணாடிக்குள் ரத்தம். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று அவனைக் கண்ணாலேயே கெஞ்சினாள். தெரிந்தால், கிழவிகளுக்கென்று விட்டுவைத்த ஆழமில்லாத கடலுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கிவான் நேராக, முங்குபவர்களின் தலைவி ஒக்சேயிடம் போய்ச் சொன்னான்.

ஒரு மாதம் கிழவிகளோடு பாசி பறித்தாள் யோன்சில். அவன் தினமும் வந்து பாறையில் உட்கார்ந்தான். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை... ஒருநாள் காற்சட்டையோடு இறங்கி, தலையை முக்கி, மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிய எழுந்தான்.

"என்ன பண்றீங்க?"

"நெத்திக்குள்ள ஊசி ஏத்துன மாதிரி இருக்கு... இந்த வலியோடவா ஆறு பாகம் ஆழத்துக்கு எறங்குனீங்க?"

சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"கோவம் போயிருச்சா?"

"இல்ல." அலை வந்து போனது. "நீங்க சொல்லாம இருந்திருந்தா நல்லவருன்னு நெனச்சு மறந்திருப்பேன். இப்ப... மறக்க முடியல."

"எனக்கும்தான். அந்த மொத நாள்லேருந்து."

வசந்தத்தில் கல்யாணம் நடந்தது. இத்தனை வருடம் கழித்தும் யோன்சில் ஆழக்கடலுக்குப் போகிறாள். சளி பிடித்தால் இறங்குவதில்லை. ஒக்சே போன வருடம் இறந்துவிட்டார். கிவான் கடையை மகளிடம் கொடுத்துவிட்டான். நான் முங்குவதை நிறுத்தி ஆறு வருடமாகிறது. அடைத்த மூக்கோடு நானும் இறங்கியதுண்டு; இடது காது கேட்பதில்லை.