ஏழு தடவை ஏற்றிய பூஜை வீடியோ

மதியம் மூன்று மணிக்கு ஸ்டோர் ரூமில் நான்கு பெட்டி செம்புக் கம்பியைக் காணவில்லை. மூன்றே காலுக்கு கேட் கேமராவில் ஒரு மணி முதல் இரண்டு மணி வரைக்குமான படத்தையும் காணவில்லை. மூன்றரைக்குள் கம்பெனி முழுக்க ஒரே பேச்சு: கேட் செக்யூரிட்டி விக்டோரியாதான் செய்திருப்பாள்.

கும்மிடிப்பூண்டியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் சின்ன கம்பெனி அது. கேமரா படமெல்லாம், வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சேரும். அந்த அறையைப் பகலில் யாரும் பூட்டுவதில்லை. ஆனால் அது கேட்டை ஒட்டி இருந்தது. அது போதாதா, விரலை நீட்ட.

"அஞ்சு மணிக்கு போலீஸ் வரும்," என்றார் மேனேஜர் ஆதிகேசவன். "அதுக்குள்ள நீயே சொல்லிட்டா உனக்கு நல்லது."

"இன்னாத்த சார் சொல்றது? தண்ணி கேன் வண்டி வந்துச்சு, தொறந்தேன். காலி கேனோட போச்சு, மூடினேன். அழிக்கிறது எப்டின்னே எனக்குத் தெரியாது."

ஒருமுறை ஜீப்பில் ஏறிவிட்டால் இந்த வட்டாரத்தில் வேறெந்த கேட்டிலும் தன்னை நிற்க விடமாட்டார்கள் என்று விக்டோரியாவுக்குத் தெரியும். மீஞ்சூர் வீட்டில் அவள் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிகிறது.

நான்கு மணி. கேமரா சர்வீஸ் பார்க்கும் ஜபீன் பழவேற்காட்டிலிருந்து வண்டியில் வந்து இறங்கினாள். போன வருஷம் மேனேஜர் கை தவறி அழித்த கல்யாண போட்டோக்களை மீட்டுக் கொடுத்தவள் அவள்தான். அன்றைக்கு எல்லோரும் அவளைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

இன்றும் டைம் ஆபீசில் கூட்டம்தான். டீ நேரம். ஸ்டோர் இன்சார்ஜ் சுப்பராயன் மதியம் கொண்டுவந்து ஏற்றிய ஆயுத பூஜை வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"யோவ் ஜெரால்டு, பூசணிக்காய ஒடைக்கச் சொன்னா கால்ல போட்டுக்கினு குதிக்கிற பாரு," என்றாள் காயில் சுற்றும் ஹெலன், திரையைக் காட்டி. எல்லோரும் சிரித்தார்கள். விக்டோரியாவுக்கும் சிரிப்பு எட்டிப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள்.

ஜபீனும் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "வீடியோவ நிறுத்துங்க. கேமராவையும் நிறுத்துங்க. இனிமே இதுல புதுசா ஒண்ணும் ஏறக்கூடாது."

"அழிச்சது போனதுதானம்மா?" என்றார் சுப்பராயன்.

"எங்க சார் போவும்? வாடகைக்கு இருந்தவன் ஊட்டைக் காலி பண்ணா ஓனரு இன்னா பண்ணுவாரு? டு-லெட் போர்டு மாட்டுவாரு. உள்ள அவன் அடிச்ச ஆணி, செவுத்துல புள்ளைங்க கிறுக்குனது எல்லாம் அப்டியே இருக்கும். அடுத்தவன் வந்து வெள்ளையடிச்சாதான் மறையும். டிஸ்க்கும் அப்டிதான். எந்த எடத்துல இருக்கிறது செல்லும், எது செல்லாதுன்னு கணக்கு வச்சிருக்கும். அழிச்சா 'செல்லாது'ன்னு குறிச்சிக்கும், அவ்ளோதான். படம் அங்கயேதான் கெடக்கும்."

"அப்போ எடுத்துரலாமா ஜபீன்மா?" என்றாள் விக்டோரியா.

"மேல வெள்ளையடிக்காம இருந்தா எடுத்துரலாம்க்கா."

டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினாள். மேனேஜரும் சுப்பராயனும் விக்டோரியாவும் மட்டும் இருந்தார்கள்.

"படம் அழிஞ்சது ரெண்டே காலுக்கு. அதுக்கப்புறம் இங்க யாரு வந்தது?"

"நான் மெயில் பார்த்தேன்," என்றார் மேனேஜர்.

"நான் தண்ணி குடிக்க வந்தேன்," என்றாள் விக்டோரியா.

"நான்தான் தெரியுமே, பூஜை வீடியோ போட்டேன்," என்றார் சுப்பராயன்.

நாலு நாற்பது. ஜபீன் உதட்டைப் பிதுக்கினாள். "மேல ஏத்திட்டாங்க. முக்காவாசி போச்சு."

மேனேஜர் விக்டோரியாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"சுப்பராயன் சார், பூஜை வீடியோ எத்தினி?"

"ஒண்ணுதாம்மா."

"ஏழு இருக்குதே சார். ஏழுக்கும் வேற வேற பேரு. தொறந்தா ஒரே பூசணிக்காய்தான் ஒடையுது."

"அது... டிபார்ட்மெண்டுக்கு ஒண்ணுன்னு போட்டேன்."

"ஏழும் இந்தப் பொட்டியிலயேதான இருக்குது? டிபார்ட்மெண்ட்ல ஏது சார் கம்ப்யூட்டரு?"



ஜபீன் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "வெறுமனே அழிக்கத் தெரிஞ்சவங்க அழிச்சிட்டுப் போயிருப்பாங்க சார். அழிச்சும் உள்ள கெடக்கும்னு தெரிஞ்சவருதான் அது மேல இவ்ளோ ஏத்துவாரு. படம் பாக்க ஒண்ணு போதும். எடத்த ரொப்பத்தான் ஏழு வேணும். உங்க கல்யாண போட்டோவ எடுத்த அன்னிக்கு, 'எப்டி பண்ணா திரும்பி வராது'ன்னு எங்கிட்ட இவருதான் கேட்டாரு. 'மேல புதுசு ஏறுனா வராது'ன்னேன். வெளையாட்டுக்குக் கேக்கறாருன்னு நெனச்சேன்."

"கேள்வி கேட்டது குத்தமா?" என்றார் சுப்பராயன்.

"குத்தமில்ல சார். ஆனா ஏழும் சேந்து முழுசா ரொப்பல. ஒரு துண்டு தப்பிச்சிருக்குது."

லேப்டாப்பை மேனேஜர் பக்கம் திருப்பினாள். முதலில் கட்டம் கட்டமாக உடைந்த நிறங்கள். பிறகு உள்ளே ஸ்டோர் வாசலில் நிற்கும் தண்ணீர் கேன் வண்டியின் பின்பக்கம். காலி கேன்களுக்கு அடியில் ஒரு பெட்டியைத் தள்ளுகிற சுப்பராயனின் முகம், சூரிய வெளிச்சத்தில், துலக்கமாக.

போலீஸ் சரியாக ஐந்து மணிக்கு வந்தது. மேனேஜர் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "டீ குடிச்சியா விக்டோரியா?" என்றார். அவரிடமிருந்து அவ்வளவுதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். மனசு லேசாக இருந்தது. அதுவே போதும் என்று பட்டது.

"ஷிப்டு முடியட்டும் சார்," என்று கேட்டுக்குப் போனாள்.

இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் சுப்பராயன் வந்தார். தொழிலாளிகளின் பையைத்தான் தினமும் திறந்து பார்ப்பது வழக்கம்; ஸ்டாஃப் பையை ஒருநாளும் யாரும் தொட்டதில்லை. விக்டோரியா கையைக் குறுக்கே நீட்டினாள்.

"சார், பை."

அவர் கொடுத்தார். சாப்பாட்டு டப்பா, குடை, ஒரு துண்டு. எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துப் பார்த்து, இருந்தபடியே வைத்து மூடினாள்.

"ஒண்ணுமில்ல சார். போலாம்," என்று கேட்டைத் திறந்துவிட்டாள்.