நாடாவின் மறுமுனை

அளவு நாடா சீக்கிரமே இறுகிவிட்டது. மைத்துனன் அதன் முனையைப் பிடித்துக்கொண்டு இப்போதுதான் கருவறை வாசலில் குனிந்து மறைந்தான். பின்சுவரைத் தொட இன்னும் நேரம் ஆகும். ஆனால் வெளியே நின்றவன் கையிலிருந்த நாடாச் சுருள் அதற்குள் விறைத்து நின்றது.

காலையிலிருந்து இருவரும் காட்டுக்குள் இடிந்து கிடந்த அந்தக் கோயிலை அளந்துகொண்டிருந்தார்கள். கூரையைப் பிளந்து இறங்கிய வேர்களும், வௌவால் எச்சத்தின் புளித்த நெடியும், எங்கோ ஈரக்கல்லில் சொட்டிக்கொண்டே இருந்த தண்ணீரும், நண்பகலிலும் வாசலைத் தாண்டி உள்ளே வராத வெயிலும் அவனுக்குப் பழக்கமானவைதான். மறுமுனையில் வேறொரு ஆள் என்பதுதான் புதிது. அந்த முனை எப்போதும் அவன் மனைவியுடையது. சுவரைத் தொட்டதும் அவள் கத்தமாட்டாள். நாடாவைச் சுண்டுவாள். இரண்டு சின்னதாக, ஒன்று நீளமாக. இது வேறு யாருக்கும் தெரியாது. அவள் போன பிறகு அவன் எடுத்த முதல் வேலை இது.

"உள்ள பாம்பு இருந்தா உங்க பேரைச் சொல்லிடுறேன் அத்தான்," என்று சிரித்துக்கொண்டேதான் மைத்துனன் போனான்.

ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகக் கேட்டதும் இவனைப் பற்றித்தான். "தம்பியைப் பாத்துக்கோங்க. அவனுக்கு வேற யாருமில்ல."

நாடா சுண்டியது.

இரண்டு சின்னதாக. ஒன்று நீளமாக.

"டேய், இதை யாருடா உனக்குச் சொல்லிக் கொடுத்தா?"

"எதை அத்தான்?" குரல் உள்ளிருந்து வந்தது. "நாடா கைநழுவிடுச்சு. தேடிக்கிட்டிருக்கேன்."

நாடா தளரவில்லை.

"தேடாதே. வெளிய வா. உடனே வாடா!"

உள்ளே டார்ச் அணைந்தது. தண்ணீர் சொட்டும் சத்தமும் நின்றது.

உள்ளே ஓட வேண்டும். தெரிந்தது. ஓட வேண்டுமானால் நாடாவை விட வேண்டும். விரல்கள் விடவில்லை.

"நீயா?" என்று கேட்டான். "வந்துடேன்."

நாடா தொய்ந்து விழுந்தது.

இருட்டிலிருந்து மைத்துனன் வந்தான். முகமெல்லாம் தூசி. வெளியே நின்றவன் பாய்ந்து மைத்துனனின் கையைப் பற்றினான்.

"உயிரே போயிடுச்சுடா. வா, போயிடலாம்."

மைத்துனன் சாமான்களை அப்படியே போட்டுவிட்டு ஜீப்பை நோக்கி அவனை இழுத்துக்கொண்டு நடந்தான். மரங்களைத் தாண்டி வெயிலுக்கு வந்தார்கள். வெயிலிலும் அந்தக் கை சில்லென்றே இருந்தது. ஈரக்கல் நெடி கூடவே வந்தது.

பின்னால், கோயிலுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"அத்தான்! நாடா கிடைச்சிடுச்சு! எங்க இருக்கீங்க? வழி தெரியல அத்தான்!"

திரும்ப முயன்றான். முடியவில்லை.

கோத்திருந்த கை அழுத்தியது.

சின்னதாக. சின்னதாக.

பிறகு நீளமாக.

அந்த அழுத்தம் விடவே இல்லை.