நாற்பது மைல் பாலையில் நின்றுபோன வண்டி

பொழுது புலரும் முன்பே ஹெஸ்டர் கோவேறு கழுதையின் முதுகில் தண்ணீர்ப் பைகளை ஏற்றிக் கட்டினாள்.

நிலம் தேடி மிசௌரியிலிருந்து கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டவை இருபத்திரண்டு வண்டிகள். துளி நீரில்லாத நாற்பது மைல் பாலையைக் கடந்து நேற்று மாலை ஆற்றங்கரையை எட்டியவை இருபத்தொன்று. நார்வேக்காரர்களான பெர்க் தம்பதியின் வண்டி மட்டும் இன்னும் வரவில்லை.

"தேடிப் போக நான் ஒருத்தன் போதும். நீ எதுக்கும்மா?" என்றார் வண்டிக் கூட்டத்தின் தலைவர் கேப்டன் டல்லி.

"வண்டி எங்க நின்னுச்சுன்னு எனக்குத்தான் தெரியும்."

கேப்டன் நிமிர்ந்து பார்த்தார். "பின்னால வந்துக்கிட்டிருக்காங்கன்னு நீதானே சொன்னே?"

"பொய் சொன்னேன், கேப்டன்."

நேற்றுக் காலை ஹெஸ்டரின் வண்டிக்குப் பின்னால் வந்தது பெர்க் வண்டி ஒன்றுதான். அவள் திரும்பிப் பார்த்தபோது அது சக்கரம் முறிந்து சாய்ந்து கிடந்தது. மாரித் பெர்க் சிவப்புச் சால்வையை வீசிவீசிக் காட்டினாள். அந்த நேரம் பார்த்துக் கேப்டன் குதிரையில் வந்து, பின்னால் எல்லோரும் வருகிறார்களா என்று கேட்டார். வண்டிக்குள் ஹெஸ்டரின் தங்கை ரூத் காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தாள். பீப்பாயில் நான்கு விரல் ஆழத்துக்கு மேல் தண்ணீர் இல்லை. உண்மையைச் சொன்னால் கூட்டமே நின்றுவிடும். தாய் தகப்பன் இல்லாத ரூத்துக்கு அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்? வருகிறார்கள் என்று சொல்லிவிட்டாள்.

இப்போது ரூத் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்குகிறாள். ஹெஸ்டரோ இரவெல்லாம் பாலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேப்டன் சேணத்தின் வாரை இழுத்து இறுக்கினார். "வாயில என்னென்னமோ வருது. அதையெல்லாம் பேச இப்ப நேரமில்ல. ஏறு."

நான்கு கழுதைகளோடு இருவரும் பாலைக்குள் திரும்பினார்கள். வழி நெடுகிலும் செத்த மாடுகள், பாரம் குறைக்க எறிந்த இரும்பு அடுப்புகள், மரப் பெட்டிகள். தூரத்தில் எந்தத் துணி ஆடினாலும் சிவப்புச் சால்வையோ என்று ஹெஸ்டர் கழுதையை விரட்டினாள். அருகே போனால் யாரோ போட்டுவிட்டுப் போன கந்தலாக இருக்கும்.

பதினான்காவது மைலில் வண்டி கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. நுகத்தடியில் ஒரு மாடு செத்துக் கிடந்தது.

"வாளியையும் கெட்டிலையும் காணோம். தண்ணி தேடித்தான் போயிருக்காங்க" என்றாள் ஹெஸ்டர். காலடித் தடங்கள் பாதையை விட்டு வடக்கே திரும்பியிருந்தன. அந்தத் திசையில் வெள்ளையாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

கேப்டனின் முகம் இருண்டது. "வெந்நீர் ஊற்று. மேல உப்பு ஏடு படிஞ்சு தரை மாதிரி இருக்கும். அடியில கொதிக்கிற சேறு. வண்டிப் பலகைகளைக் கழட்டு, சீக்கிரம்."

பலகைகளைக் கழுதைகளில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். வெளுத்த நிலத்தின் நடுவே ஒரு பாறை. அதன்மேல் மாரித் தன் மூன்று வயது மகளை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவன் ஓலே, காலில் சிவப்புச் சால்வை சுற்றிக் கிடந்தான். பாறையடியில் ஊறிய நீரைக் கெட்டிலில் மொண்டு ஆறவைத்துக் குடித்து உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். பாறையை எட்டும் நேரத்தில் ஏடு உடைந்து ஓலேயின் கால் சேற்றில் இறங்கிவிட்டது. அதன்பிறகு கீழே கால் வைக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

"நான் எடை கம்மி. நான் போறேன்" என்றாள் ஹெஸ்டர்.

"படுத்துக்கிட்டே போ. எழுந்து நிக்காதே" என்று அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டினார் கேப்டன்.

ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் தவழ்ந்தாள். அடுத்ததை முன்னே தள்ளினாள். நான்காவது பலகையின் ஓரத்தில் ஏடு படீரென்று விரிந்தது. பீறிட்ட கொதிநீர் இடது கையைப் பொசுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு பலகையை விடாமல் தள்ளினாள். முப்பது தப்படி தூரம் முடிவதற்குள் முழங்கைவரை தோல் உரிந்துவிட்டது.

மாரித் அவள் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள். "நான் சால்வையை ஆட்டுனதை நீ பாத்தே. எப்படியும் நீ ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வருவேன்னு ஓலேகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்."

கொதிநீர் பட்ட இடத்தைவிட அந்தச் சொல் பட்ட இடம் அதிகமாக எரிந்தது. ஹெஸ்டர் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு தவழ்ந்தாள். அடுத்த நடையில் மாரித் வந்தாள். ஓலேயைப் பலகையோடு சேர்த்துக் கட்டிக் கயிற்றால் இழுத்தார்கள்.

திரும்பும் வழியில், மூவரும் தண்ணீர் குடித்துத் தெளிந்த பிறகு, கழுதையோடு நடந்துகொண்டே ஹெஸ்டர் தான் சொன்ன பொய்யை மாரித்திடம் சொன்னாள். ரூத்தின் காய்ச்சலைச் சொல்ல நாக்கு வரை வந்தது, சாக்குச் சொன்னதாகிவிடும் என்று அதை விழுங்கிவிட்டாள்.

மாரித் அவளைப் பார்க்கவே இல்லை. ஒரு மைல் போனது. இன்னொரு மைலும் போனது. பிறகு கழுதைமேல் இருந்தபடியே மகளைத் தூக்கி நீட்டினாள். "எனக்குக் கை கடுக்குது. இவளைக் கொஞ்சம் வெச்சுக்கோ."

ஹெஸ்டர் வெந்துபோன கையோடு குழந்தையை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

அந்தி சாயும் வேளையில் ஆற்றங்கரையிலிருந்து வரவேற்புத் துப்பாக்கிகள் முழங்கின. பெண்கள் ஓடிவந்து ஹெஸ்டரைக் கட்டிக்கொண்டார்கள். தைரியசாலி என்று யாரோ சொன்னார்கள். அவள் ஒரு வண்டியின் படியில் ஏறி நின்று, நேற்றுக் காலை தான் சொன்னது பொய் என்று அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள். கட்டிக்கொண்ட கைகள் ஒவ்வொன்றாக விலகின. விலகட்டும் என்று நின்றாள்.

மறுநாள் முதல் கேப்டன் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கடைசி வண்டிவரை தானே போய்ப் பார்த்து வந்தார். ஓலே ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாலும் கலிபோர்னியா மண்ணைத் தன் காலாலேயே மிதித்தான். மாரித் மன்னித்ததாக ஒருநாளும் சொல்லவில்லை, ஹெஸ்டரும் கேட்கவில்லை.

பயத்தில் செய்த தவற்றைத் திருத்த அவளுக்கு ஒரு பகல் கிடைத்தது. அந்த ஒரு பகல் எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.